பட்டன் தேயாத கிழட்டு டயர்

அப்பாவின் 100 சிசி வண்டி ஒன்பது வருடத்தில் ஓடியது பதினாலாயிரம் கிலோமீட்டர்தான். காலையில் பால் வாங்க, ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்கு, எப்போதாவது பேங்குக்கு. மற்ற நேரமெல்லாம் வாசலில் பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு நிற்கும். வாரம் ஒருமுறை துடைத்து வைத்துவிட்டு, "புது வண்டி மாதிரி இருக்கு பாருடா" என்பார். பார்வைக்கு அப்படித்தான் இருந்தது. டயரில் ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டிகள், அதாவது பட்டன், முக்கால்வாசி தேயாமல் நின்றது.

2024 ஐப்பசியில் ஒரு சாயங்காலம், தூறல் விட்ட கையோடு அந்த வண்டியை நான் எடுத்துக்கொண்டு போனேன். பழங்காநத்தம் ரவுண்டானாவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஆட்டோ சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன். பின் சக்கரம் சோப்பில் கால் வைத்த மாதிரி பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. முட்டியில் சிராய்ப்பு, ஒரு இண்டிகேட்டர் உடைசல், அத்தோடு தப்பித்தேன்.

மறுநாள் தெருமுனை பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்கார அண்ணன் பட்டனைப் பார்க்கவே இல்லை. குந்தி உட்கார்ந்து டயரின் பக்கவாட்டைப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் ஒரு அழுத்து அழுத்தினார். "தம்பி, இது டயர் இல்ல, பலகை" என்றார்.

"பட்டன் இருக்கேண்ணே?"

"பட்டன் இருக்கு. ரப்பர் செத்துப்போச்சு."

டயருக்கு இரண்டு வயது உண்டு. ஓடிய கிலோமீட்டர் ஒன்று, பிறந்ததிலிருந்து கழிந்த வருடம் இன்னொன்று. நாம் முதலாவதைத்தான் பார்க்கிறோம், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிறது. தினமும் அறுபது எழுபது கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அது போதும். வயதாவதற்குள் டயர் தேய்ந்தே போய்விடும். கம்மியாக ஓடி, பத்திரமாக நிற்கும் வண்டிக்காரர்தான் ஏமாந்துபோகிறார்.

ரப்பர் ஏன் சாகிறது

மிட்டாய் டப்பாவோடு வந்த ரப்பர் பேண்டைச் சமையலறை ஆணியில் மாட்டிவைத்துவிட்டு, ஒரு வருடம் கழித்து எடுத்து இழுத்துப் பாருங்கள். யாரும் தொடவில்லை, எதற்கும் பயன்படுத்தவில்லை. ஆனாலும் பட்டென்று அறுந்துவிடும். டயருக்கும் அதேதான் நடக்கிறது, மெதுவாக.

ரப்பர் என்பது சிக்கிப்போன நூல்கண்டு மாதிரி நீள நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள். மரத்திலிருந்து வடித்த பாலில் செய்த ரப்பரை அப்படியே விட்டால் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்துப்போகும். அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் கெட்டியாகவும் நெகிழ்வாகவும் ஆகிறது என்று 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தார். சங்கிலிகளுக்கு நடுவே கந்தகம் பாலம் போட்டுவிடுகிறது. பாலம் குறைவாக இருந்தால் ரப்பர் கொழகொழ, அளவாக இருந்தால் டயர், அதிகமானால் பலகை.

அந்த வேக்காடு தொழிற்சாலையோடு முடிந்துவிடுவதில்லை என்பதுதான் சிக்கல். சித்திரை வெயிலில் வெந்த தார் ரோட்டின் சூடும் ஓட்டத்தில் டயருக்குள் பிறக்கும் சூடும் சேர்ந்து மேலும் மேலும் பாலம் போட வைக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜன் தன் பங்குக்குச் சங்கிலிகளைத் தாக்குகிறது. ரப்பரில் கலந்த எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக வற்றுகிறது. இந்த வேலையெல்லாம் சூடு ஏற ஏற வேகம் பிடிக்கும். ஊட்டியில் நிழலில் நிற்கும் டயரும் மதுரையில் மொட்டை வெயிலில் நிற்கும் டயரும் ஒரே வேகத்தில் கிழமாகாது.

இறுகினால் என்ன, இன்னும் நாள் உழைக்குமே என்று தோன்றலாம். உழைக்கும்தான், பிடிக்காது. ரோடு நம் கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் அதில் ஜல்லி முனைகள் துருத்திக்கொண்டிருக்கும். மெத்தென்ற ரப்பர் அந்த முனைகளைக் கவ்வி அமுங்கிப் பிடித்துக்கொள்கிறது. பிரேக் பிடிப்பது என்பது உண்மையில் இந்தப் பிடிதான். இறுகிய ரப்பர் முனைகளின் தலைமேல் வழுக்கிக்கொண்டு ஓடும். உலர்ந்த ரோட்டில் நேராகப் போகும்போது வித்தியாசமே தெரியாது. ஈரத்திலும் வளைவிலும்தான் குட்டு வெளிப்படும்.

அடுத்தது ஓசோன். காற்றில் மிகச் சொற்பமாகத்தான் இருக்கும், ஆனால் ரப்பருக்கு அது ஆகவே ஆகாது. இழுபட்டு நிற்கும் இடமாகப் பார்த்துச் சங்கிலிகளை வெட்டும். பக்கவாட்டில் பித்தவெடிப்பு மாதிரி சின்னச் சின்னக் கோடுகள் வருவது பெரும்பாலும் இதனால்தான். இதற்கு மருந்தாக டயர் கலவையிலேயே மெழுகும் ஓசோனைத் தடுக்கும் ரசாயனமும் சேர்த்துவிடுகிறார்கள். அவை உள்ளிருந்து மெல்ல மேலே கசிந்து ஒரு படலமாகப் படிகின்றன. டயர் உருண்டு, நசுங்கி, விரியும்போது இந்தக் கசிவு நன்றாக நடக்கும். தினமும் ஓடும் டயர் தனக்குத்தானே எண்ணெய் தேய்த்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நின்றே கிடக்கும் டயருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சில டயர்களில் பக்கவாட்டு லேசாகப் பழுப்பேறித் தெரிவது அந்த ரசாயனம்தான். அழுக்கென்று நினைத்துத் தேங்காய் நாரைப் போட்டு உரசி எடுக்காதீர்கள். அப்பா அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

டயரின் ஜாதகம்

டயரின் பக்கவாட்டில் எல்லாம் எழுதியிருக்கிறது. ஒரு ஈரத்துணியால் துடைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்.

முதலில் பிறந்த தேதி. நான்கு இலக்கம், பெரும்பாலும் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் இருக்கும். அப்பாவின் டயரில் 3815. முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். 2015-ஆம் வருடத்தின் 38-ஆவது வாரம், அதாவது செப்டம்பர் மாதம் நடுவில். ஒரு பக்கம் தேடிக் கிடைக்காவிட்டால் வண்டியை நகர்த்தி மறுபக்கம் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அச்சடிப்பதும் உண்டு. மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர். அதை ஓட்டாதீர்கள், மாடியில் செடி வைக்கலாம்.

அப்புறம் அளவு. அப்பா வண்டியின் முன் டயரில் 2.75-18 42P என்று இருந்தது. 2.75 என்பது அகலம், அங்குலத்தில். 18 என்பது ரிம்மின் விட்டம், அதுவும் அங்குலம். 42 என்பது எடைக்கான குறியீட்டு எண், 150 கிலோ வரை தாங்கும் என்று அர்த்தம். P என்ற ஆங்கில எழுத்து வேகம்: மணிக்கு 150 கிலோமீட்டர் வரை. பின் டயரும் அதே 2.75-18தான், ஆனால் எண் 48. அதற்கு 180 கிலோ. அளவு ஒன்று என்பதால் முன் டயரைக் கழற்றிப் பின்னால் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். பின் சக்கரத்தில்தான் இரண்டு பேரும் அரிசி மூட்டையும் உட்காருகிறார்கள்.

புது வண்டிகளில் 80/100-18 என்கிற மாதிரி எழுதுகிறார்கள். அகலம் 80 மில்லிமீட்டர், பக்கவாட்டின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு நூறு, ரிம் 18 அங்குலம். 120/80 என்றால் உயரம் அகலத்தில் எண்பது சதவீதம், 96 மில்லிமீட்டர். கணக்கு அவ்வளவுதான்.

ஒரு அம்புக்குறியும் இருக்கும். சக்கரம் சுற்றவேண்டிய திசை அது. மாற்றி மாட்டினால் ஓடாமல் போகாது. பட்டனின் வாய்க்கால்கள் தண்ணீரை வெளியே தள்ளுவதற்குப் பதில் உள்ளே சேர்க்கும். கடையில் அவசரத்தில் மாட்டும்போது நடக்கிற தவறு இது. கிளம்புவதற்கு முன்னால் நாமே ஒரு பார்வை பார்த்துக்கொண்டால் போச்சு.

எப்போது மாற்றுவது

தேய்மானத்துக்குச் சட்டமே இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 94-ஆவது விதிப்படி இருசக்கர வண்டிக்குப் பட்டன் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. அளக்க ஸ்கேல் தேடவேண்டாம். டயரின் தோள்பட்டையில் ஒரு சின்ன முக்கோணமோ TWI என்ற மூன்று ஆங்கில எழுத்தோ இருக்கும். அதற்கு நேராக வாய்க்காலுக்குள் பாருங்கள். அடியில் ஒரு குட்டி மேடு தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் கதை முடிந்தது. சட்டம் அதுவரை விடுகிறது என்பதற்காக அதுவரை ஓட்டவேண்டுமா என்றால், நான் ஓட்டமாட்டேன். ஐப்பசி கார்த்திகை மழைக்கு முன்னால் பட்டன் இரண்டு மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுவேன். அடைமழையில் டயருக்கும் ரோட்டுக்கும் நடுவே தேங்கும் தண்ணீரை வெளியேற்றுவது அந்த வாய்க்கால்தான். அது மேடாகிப்போனால் தண்ணீர் எங்கே போகும்?

நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். நாலு வழிச்சாலையில் நேராகவே ஓடும் வண்டிகளுக்கு இப்படி ஆகும். வளைவில் சாய்க்கும்போது அந்தத் தட்டையின் விளிம்பில் வண்டி ஒரு குதி குதித்து விழும். பட்டன் ஓரத்தில் இருந்தாலும் அந்த டயர் போனதுதான்.

வயதுக்குச் சட்டம் எதுவும் இல்லை. டயர் கம்பெனிகள் சொல்வது: ஐந்து வருடம் ஓடிய டயரை வருடம் ஒருமுறையாவது தெரிந்தவரிடம் காட்டுங்கள்; தயாரித்துப் பத்து வருடம் ஆனால், பார்க்க எப்படி இருந்தாலும் தூக்கிவிடுங்கள். பத்து என்பது மேல் வரம்பு. பத்து வருடம் உழைக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. நம் ஊர் வெயிலுக்கு ஆறு வருடம் தாண்டினாலே நான் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவேன்.

சோதனை எளிது. டயர் சூடு ஆறியபின் கட்டைவிரல் நகத்தைப் பட்டனில் அழுத்துங்கள். நல்ல ரப்பரில் நகம் லேசாகப் பதிந்து, எடுத்ததும் தழும்பு மறையும். செத்த ரப்பரில் நகம்தான் வலிக்கும். பிறகு ஒருவரை வண்டியில் உட்காரச் சொல்லிவிட்டு, தரையைத் தொடும் இடத்தில் பக்கவாட்டைக் கவனியுங்கள். நசுங்கும்போது மறைந்திருக்கும் வெடிப்புகள் வாய் திறக்கும். பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தின் அடியையும் விடாதீர்கள். வெடிப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது, நாம் அங்கே பார்ப்பதும் இல்லை. தலைமுடி அளவுக்கு, மேலோட்டமாக இருந்தால் கண்காணித்துக்கொண்டு ஓட்டலாம். நகம் உள்ளே போகிற அளவு ஆழம், அல்லது உள்ளே நூல் தெரிகிறது என்றால் அன்றே மாற்றவேண்டும். பக்கவாட்டில் கொப்புளம் மாதிரி எங்காவது வீங்கியிருந்தால் யோசிக்கவே வேண்டாம். குழியில் இறங்கி உள்ளே நூல் அறுந்திருக்கிறது. வெடிப்பதற்கு நாள் குறித்துவிட்டது.

பராமரிப்பு என்று தனியாக ஒன்றும் இல்லை

காற்றைச் சரியாக வைத்துக்கொண்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. காற்று குறைந்தால் டயர் அதிகம் நசுங்கும், நசுங்கினால் உள்ளே சூடு ஏறும், சூடு ஏறினால் மேலே சொன்ன வேக்காடு வேகமாக நடக்கும். ஓரங்கள் தேயும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். அதிகம் அடித்தால் நடு தேயும், சின்னக் கல்லில் ஏறினாலும் முதுகுத்தண்டுக்குத் தெரியும். காற்றழுத்தம் எத்தனை பி.எஸ்.ஐ என்பது செயின் கவர் பக்கமோ, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ ஸ்டிக்கரில் இருக்கும், கையேட்டிலும் இருக்கும். பல 100 சிசி வண்டிகளுக்கு முன்னால் 25, பின்னால் தனியாகப் போனால் 28-ஐ ஒட்டி இருக்கும். பின்னால் ஆள் ஏறினால் இன்னும் வேண்டும். அந்த இன்னொரு எண்ணையும் ஸ்டிக்கரில் பாருங்கள்.

காற்றை எப்போதும் டயர் ஆறியிருக்கும்போது பார்க்கவேண்டும். இருபது கிலோமீட்டர் ஓட்டிவந்து பங்க்கில் பார்த்தால் சூட்டில் கூடுதலாகக் காட்டும். சரியாக இருக்கிறது என்று நினைத்துத் திரும்பிவிடுவோம். ஒரு கால் பம்பும் காற்றை அளக்கும் சின்ன கேஜும் வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்வது நல்லது. வால்வின் மூடியைத் தொலைக்காதீர்கள், மண் உள்ளே போகாமல் காப்பது அது. நைட்ரஜன் அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: நாம் அடிக்கும் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இலவசமாகக் கொடுத்தால் அடித்துக்கொள்ளுங்கள்.

வாட்டர் சர்வீஸ் விடும்போது இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். டீசலை டயர்மேல் அடிக்கவேண்டாம். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதுவானாலும் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். டயர் பாலிஷும் வேண்டாம். கருகருவென்று மின்னும், உண்மைதான். அது பட்டன்மேல் வழிந்தால் முதல் திருப்பத்திலேயே வண்டி படுத்துக்கொள்ளும். சோப்புத் தண்ணீர் போதும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் வண்டி மாதக்கணக்கில் நிற்கிறதென்றால் சென்டர் ஸ்டாண்டில், நிழலில் நிறுத்துங்கள். பின் சக்கரத்தில் பாரம் இருந்தால் ஒரே இடத்தில் அமுங்கித் தட்டையாகும். மாதம் இருமுறை காற்றைப் பார்த்து, நாலு தெரு ஓட்டிவந்தால் டயருக்கு மட்டுமில்லை, பேட்டரிக்கும் நல்லது. வெல்டிங் பட்டறை ஓரமாக நிறுத்தி வைக்காதீர்கள். அந்தப் பொறி ஓசோனைக் கிளப்பும்.

கடையில்

டயர் வாங்கப் போகும்போது வண்டியின் பெயரை மட்டும் சொல்லாமல், பழைய டயரின் அளவு, எடை எண், வேக எழுத்து மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். அகலமாகப் போட்டால் கெத்தாக இருக்கும் என்பார்கள். ரிம்முக்குப் பொருந்தாத அகலம் டயரின் வடிவத்தையே பிதுக்கிவிடும், திருப்பத்தில் வண்டி தடுமாறும். கம்பெனி போட்ட அளவுதான் நல்லது.

புது டயரிலும் தேதியைப் பாருங்கள். கடைக்காரர் கோபித்துக்கொள்ளமாட்டார், இப்போதெல்லாம் நிறையப் பேர் பார்க்கிறார்கள். இருட்டான, குளிர்ந்த இடத்தில் அடுக்கிய டயர் மெதுவாகத்தான் முதுமையடையும். ஆறு மாதம், ஒரு வருடம் பழையது என்றால் கவலை வேண்டாம். இரண்டு வருடத்தைத் தாண்டினால் நான் வேறு கேட்பேன், விலை குறைத்துக் கொடுத்தாலும். பழைய டயரில் புதிதாக வாய்க்கால் வெட்டி மையும் பூசி விற்பவர்களும் உண்டு. தேதி அங்கேயும் காட்டிக்கொடுக்கும்.

எந்தக் கம்பெனி என்று நான் சொல்லப்போவதில்லை. நம் ஊர் டயருக்கு ஒன்றும் பஞ்சமில்லை. 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்ய ஆரம்பித்த கொட்டகைதான் பின்னால் எம்.ஆர்.எஃப் ஆனது. எங்கள் மதுரையில் வெள்ளரிப்பட்டி வழியாகப் போனால் டி.வி.எஸ் ஸ்ரீசக்ராவின் டயர் ஆலையைப் பார்க்கலாம். நல்ல டயர் எதுவானாலும் ஐ.எஸ்.ஐ முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு டயரா, இரண்டுமா? பின் டயர் சீக்கிரம் தேயும், அதனால் அதை மட்டும் மாற்றுவதுதான் வழக்கம். தேய்ந்து மாற்றும்போது அது சரி. வயதாகி மாற்றும்போது முன் டயருக்கும் அதே வயதுதானே? பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரமெல்லாம் முன்னால்தான் சாய்கிறது. பின் சக்கரம் வழுக்கினால் பல சமயம் சமாளித்துவிடலாம், முன் சக்கரம் வழுக்கினால் விழுந்தபிறகுதான் தெரியும். அண்ணன் இதைச் சொன்னதும் நான் மறுபேச்சுப் பேசவில்லை.

டியூப் உள்ள டயர் என்றால் டியூபையும் புதிதாகப் போடுங்கள். எங்கள் டயரைக் கழற்றியபோது உள்ளே டியூப் ஒரு இடத்தில் மடிந்து, மடிப்பு வெள்ளைக் கோடாக வெளிறியிருந்தது. ஐந்து ஒட்டு வேறு. ரிம்மைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை கிழிந்து, போக்ஸ் கம்பியின் தலை ஒன்று வெளியே எட்டிப்பார்த்தது. அண்ணன் துருவை உப்புத்தாளால் தேய்த்து, புதுப் பட்டை போட்டு, டியூபில் பவுடர் தூவி உள்ளே விட்டார். கொஞ்சமாகக் காற்றடித்து, டயரைத் தரையில் நாலு தட்டு தட்டி, மறுபடி அடித்தார். டப் என்று ஒரு சத்தம். ரிம்மை ஒட்டி டயரில் ஒரு மெல்லிய கோடு சுற்றிலும் ஓடுகிறது. அது எல்லா இடத்திலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று சக்கரத்தைச் சுழற்றிக் காட்டினார். ஒரு பக்கம் உள்ளே போயிருந்தால் வண்டி நொண்டி அடிக்கும்.

டியூப்லெஸ் என்றால் வால்வை மாற்றச் சொல்லுங்கள், செலவு அதிகமில்லை. பஞ்சரை வெளியிலிருந்து சரம் சொருகி அடைப்பது பட்டன் பகுதிக்கு மட்டும்தான். பக்கவாட்டில் ஆணி ஏறினால் எவ்வளவு புதிய டயரானாலும் மாற்றத்தான் வேண்டும்.

புது டயர் முதல் நூற்றைம்பது, இருநூறு கிலோமீட்டருக்கு வழுவழுவென்றிருக்கும். அதுவரை சடாரென்று சாய்ப்பதும், பிரேக்கை இறுக்குவதும், மழையில் வித்தை காட்டுவதும் வேண்டாம். புது டயர்தானே என்று முதல் நாளே விழுந்தவர்கள் உண்டு.

கழற்றிய டயரைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அப்பா விடவில்லை, "எதுக்காவது ஆகும்" என்று வீட்டுக்குக் கொண்டுவந்து மாடியில் போட்டார். ஒரே மழையில் உள்ளே தண்ணீர் தேங்கி, நான்காம் நாள் பார்த்தால் கொசுப்புழு நெளிகிறது. டெங்கு கொசுவுக்குப் பிடித்த இடமே இதுதான். அம்மா போட்ட சத்தத்தில் டயர் அன்றைக்கே பஞ்சர் கடைக்குத் திரும்பிப் போனது. திரும்பி வந்த அப்பா, ஆர்.சி புத்தகத்தின் உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டை எழுதிச் சொருகினார்: முன் 2824, பின் 3124.